கடன் வாங்கிய எண்களால் காவிரியை அளப்பதா?

காவிரி வழக்கு எத்தனை ஆண்டுகள் நடந்தது என்பதைத் தமிழ்நாட்டுச் சிறுவனும் அறிவான். 2007ஆம் ஆண்டு பிப்பிரவரி 5ஆம் நாள் நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டுத் தமிழ்நாட்டிற்கு 419 என்றது. 2018ஆம் ஆண்டு பிப்பிரவரி 16ஆம் நாள் உச்ச முறைமன்றம் அதனை 404.25 எனக் குறைத்தது. பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டிய நீரை 177.25 என வரையறுத்தது. இவ்வெண்கள் தமிழர் நெஞ்சில் ஆழப் பதிந்திருப்பது நன்றே. ஆனால் அந்த 177.25 டி.எம்.சி. நீரில் கரைந்து வருவது யாது? மேட்டூருக்குக் கீழே அதனோடு வந்து சேர்வது யாது? பூம்புகாரிலும் முத்துப்பேட்டையிலும் கடலுக்குள் போய் விழுவது யாது? இக்கேள்விகளுக்கு விடையாக நம்பத்தக்க ஓர் எண்ணைச் சொல்ல வல்லார் எவர்?

நீரின் அளவுக்கு வழக்கு. நீரின் தன்மைக்கு வாயடைப்பு. இதுவே இன்றைய நிலை. 2015ஆம் ஆண்டில், கருநாடகத்திலிருந்து கழிவு கலந்த நீர் வருகின்றது எனத் தமிழ்நாட்டரசு உச்ச முறைமன்றத்தை அணுகியது உண்மை. ஆயினும் அம்முறையீடு சாக்கடைக் கழிவைப் பற்றியது. எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் உள்ள வயல்களிலிருந்து வடிந்துவரும் உரம், பூச்சிக்கொல்லி, மேல்மண் ஆகியவற்றைப் பற்றியதன்று. 81,155 சதுர கி.மீ. பரந்த காவிரி வடிநிலத்தில் 43,856 சதுர கி.மீ., அதாவது பாதிக்கு மேல், தமிழ்நாட்டினுள்ளேயே கிடக்கின்றது. ஆகவே, பிறர்மேல் விரல் நீட்டுமுன் தன் வீட்டுக் கணக்கையும் எழுதி வைத்திருப்பது தமிழ்நாட்டின் கடமையாகும். அக்கணக்கு எழுதப்படவில்லை. எழுத முனைவோரும் அயலார் நிலத்தில் எடுத்த எண்களைக் கொண்டு எழுதுகின்றனர். முதலாவது சோம்பல், இரண்டாவது ஏமாற்று. இவ்விரண்டையும் எதிர்ப்பதே இக்கட்டுரை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

இப்பழமொழியைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த மக்கள், ஆற்றிலே போடுவதை மட்டும் அளவாமல் போடுகின்றனர்.

ஒரு சிறு கணக்கைக் காண்க. ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2 கோடியே 83 இலக்கம் கன மீட்டர் நீர். உரக்கடையில் தழைச்சத்து என வழங்கும் தழையூட்டம், ஒரு லிட்டர் நீரில் ஒரேயொரு மில்லிகிராம் கரைந்திருப்பதாகக் கொள்க. அது கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் புலப்படாது, குடிநீர்க்கு வகுத்த எல்லைக்கும் மிகக் கீழே நிற்கும். ஆயினும் அத்தகைய நீர் ஒரு டி.எம்.சி. வந்தால் அதனோடு 28 டன் தழையூட்டம் வரும். 177.25 டி.எம்.சி. வந்தால் ஏறத்தாழ 5,000 டன் வரும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ, தழையூட்டம் உண்டு. எனவே அந்த 5,000 டன் என்பது ஏறத்தாழ 2 இலக்கத்து 40 ஆயிரம் மூட்டை யூரியாவுக்கு ஈடு. இது காவிரியில் அளந்து கண்ட எண்ணன்று. செறிவை மட்டும் பார்த்துச் சுமையைப் பாராதவர்க்கு எவ்வளவு பெரிய பொருள் கண்ணில் படாமல் போகும் என்பதற்கு எடுத்துக்காட்டு. நீரின் அளவைச் செறிவால் பெருக்கினால் வருவதே சுமை. ஆறு கடலிடம் ஒப்படைப்பது அச்சுமையையே.

இந்தச் சுமை எங்கே இறங்குகின்றது? கோரையாறு, பாமணியாறு, கிளைத்தாங்கியாறு, மரக்காக்கோரையாறு ஆகியவை வயல்வடிநீரைக் கொண்டுபோய் முத்துப்பேட்டைக் காயலில் சேர்க்கின்றன. அலையாத்திக் காடும் மீனும் இறாலும் அக்காயலில் வாழ்கின்றன. அவற்றை நம்பி மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன. மற்றொரு பக்கம், கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் போகின்றது. 2004ஆம் ஆண்டு முதல் அந்த ஏரிநீர் குழாய்வழியே சென்னைக்குப் போகின்றது. எனவே வயலில் தூவியது யாருடைய குவளையில் போய் முடியும் என்பது தஞ்சை உழவனுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. தலைநகரத்து மாடிவீட்டார்க்கும் உரிய கேள்வியே.

குழாய்க்கு வாய் ஒன்று. வயலுக்கு வாய் ஆயிரம்

ஆலைக் கழிவைக் கண்டுபிடித்தல் எளிது. அதற்கு ஒரு குழாய் உண்டு. குழாய்க்கு ஒரு வாய் உண்டு. வாயில் ஒரு புட்டியை நீட்டினால் சான்று கிடைத்துவிடும். நொய்யலின் குறுக்கே உழவுக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனதை உலகமே கண்டது. 2011ஆம் ஆண்டில் சென்னை உயர் முறைமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டதும் அவ்வாறு கிடைத்த சான்றுகளின் வலிமையாலேயே. 1974ஆம் ஆண்டின் நீர்மாசுத் தடுப்புச் சட்டமும் ஆலையையும் சாக்கடையையும் முன்வைத்து வகுத்ததே.

வயலின் இயல்பு வேறு. மழை பெய்த ஓர் இரவில் பல்லாயிரம் வரப்புகள் ஒருசேர வழிகின்றன. எந்த வயலிலிருந்து எவ்வளவு போயிற்று என்று புட்டி நீட்டிப் பார்க்க எவராலும் இயலாது. வழிந்த நீரோடு ஊர்ச் சாக்கடையும் கால்நடைக் கழிவும் கலந்துவிட்டபின், ஆற்றுநீரில் உள்ள நைட்ரேட்டில் உரத்தின் பங்கு எவ்வளவு, சாக்கடையின் பங்கு எவ்வளவு என்று கண்ணால் பிரித்தறிவதும் இயலாது. நடுவண் நிலத்தடிநீர் வாரியம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எடுத்த நிலத்தடிநீர்க் கூறுகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவை, லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்னும் நைட்ரேட்டு எல்லையைத் தாண்டின. அளவு மிஞ்சிய நைட்ரேட்டு பச்சிளங் குழந்தையின் குருதியில் உயிர்வளி ஏறாமல் தடுத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யும். இது வந்தது எவ்வாறு, எங்கிருந்து, எந்தப் பருவத்தில் என்னும் கேள்விக்குத்தான் விடை வேண்டும். அவ்விடையைத் தேடும் கருவியே வடிநிலப் போலுரு.

போலுரு என்பது யாது?

மாதிரி என்று பிறர் வழங்குவதை ஈண்டுப் போலுரு என்க. ஆற்றின் வடிநிலம் முழுவதையும் சிறுசிறு துண்டுகளாகப் பகுப்பர். ஒவ்வொரு துண்டுக்கும் மண் எவ்வகை, சரிவு எவ்வளவு, பயிர் யாது என்று குறிப்பர். நாள்தோறும் பெய்த மழை, அடித்த வெயில், இட்ட உரம், பாய்ச்சிய நீர் ஆகியவற்றை எண்களாகக் கணிப்பொறிக்குள் செலுத்துவர். பெய்த மழையில் மண்ணுக்குள் இறங்கியது எவ்வளவு, ஆவியானது எவ்வளவு, மேலே வழிந்தோடியது எவ்வளவு என்று கணிப்பொறி துண்டு துண்டாகக் கணக்கிடும். வழிந்த நீரோடு போன மண்ணையும் மண்ணோடு ஒட்டிப்போன மணியூட்டத்தையும் நீரில் கரைந்துபோன தழையூட்டத்தையும் கூட்டும். கூட்டியதை ஓடையிலும் வாய்க்காலிலும் ஆற்றிலும் நடத்திக்கொண்டு போய்க் கடைவாயில் நிறுத்தும்.

இவ்வகைக் கருவிகளுள் உலகெங்கும் பரவியது, அமெரிக்க வேளாண்துறையின் ஆய்வாளர் தெக்சாசு மாநிலத்துத் தெம்பிள் நகரில் உருவாக்கிய சுவாட்டு என்னும் மண்-நீர் மதிப்பீட்டுக் கருவி. அதனைக் காசின்றி எவரும் எடுத்துக்கொள்ளலாம். அதனுள்ளே இரண்டு பழைய அமெரிக்க முறைகள் உறைந்து கிடக்கின்றன. ஒன்று, பெய்த மழையில் எவ்வளவு வழியும் என்பதை ஒரே வளைவெண்ணால் சொல்லும் முறை. 1950களில் அமெரிக்க மண்காப்புத் துறை, தன் நாட்டுச் சிறு வடிநிலங்களில் எடுத்த அளவுகளைக்கொண்டு வகுத்தது. மற்றொன்று, மண்ணரிப்பு வாய்பாடு. விசுமையரும் சுமித்தும் 1965இல் வெளியிட்டு 1978இல் திருத்தியது. 22.1 மீட்டர் நீளமும் 9 விழுக்காட்டுச் சரிவும் உள்ள பாத்தியை அடிப்படை அலகாகக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு பாத்தியாக அளந்து, பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாத்தியாண்டு அளவுகளைத் திரட்டி, அதன்பின் அவ்வாய்பாட்டை வகுத்தனர். சுவாட்டு பின்னர் அதனையே சற்று மாற்றி எடுத்தாண்டது.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டுவது ஒன்று. அவர்கள் முதலில் அளந்தனர். பின்னர் வாய்பாடு எழுதினர். இங்குள்ளோரோ வாய்பாட்டை முதலில் இறக்கிக்கொண்டு, அளத்தலை மறந்தனர். ஆற்றுமுகத்தில் எடுத்த அளவுகளோடு ஒத்துப்பார்த்துத் திருத்திய பின்னரே போலுரு பேசத் தகுதி பெறும். ஒத்துப்பார்க்க அளவே இல்லாத இடத்தில் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும், வண்ணப்படமாகவும் சொல்லும். வண்ணப்படத்தைக் கண்டு மயங்குவோர்க்கு இது தெரிவதில்லை.

ஈரி ஏரி கற்பிக்கும் பாடம்

அளந்தவர்களே இடறி விழுந்த கதை ஒன்றுண்டு. அளவாதவர்கள் அதனைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே ஈரி என்னும் பேரேரி கிடக்கின்றது. ஒகாயோ, இந்தியானா, மிச்சிகன் ஆகிய மூன்று மாநிலங்களின் வயல்நீரைச் சுமந்து மௌமி ஆறு அதன் மேலைக் கோடியில் விழுகின்றது. அவ்வாற்றின் வடிநிலம் ஏறத்தாழ 17,000 சதுர கி.மீ.; பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும் விளையும் நிலம். பாசி மண்டி ஏரி கெட்டதால் இரு நாடுகளும் 1972இல் உடன்படிக்கை செய்தன. 1978இல் ஈரி ஏரிக்கு ஆண்டுக்கு 11,000 டன் மணியூட்டமே எல்லை என வகுத்தன. சாக்கடையைத் தூய்மை செய்தும் சலவைத்தூளில் மணியூட்டத்தைக் குறைத்தும் 1980களில் அவ்வெல்லையை எட்டினர். ஏரி தெளிந்தது. வெற்றி எனக் கொண்டாடினர்.

1990களின் நடுவில் பாசி திரும்பி வந்தது. மொத்தக் கணக்கு எல்லைக்குள் இருக்கப் பாசி எவ்வாறு வந்தது? மண்ணோடு ஒட்டிவரும் மணியூட்டம் வேறு. நீரில் கரைந்துவரும் மணியூட்டம் வேறு. பாசி எளிதில் உண்பது கரைந்ததையே. மண்ணரிப்பைத் தடுக்க உழாமல் விதைக்கும் முறை பரவியது. இட்ட உரம் மேல்மண்ணிலேயே தங்கித் திரண்டது. நிலத்தடியில் புதைத்த வடிகுழாய்கள் கரைந்ததை நேரே ஓடைக்குக் கொண்டுபோயின. ஒரு கேட்டைத் தடுக்க எடுத்த முயற்சியே மற்றொரு கேட்டுக்குத் துணையாயிற்று. ஐடல்பர்க்குப் பல்கலைக்கழகத்தார் 1970களின் நடுவிலிருந்து இடையறாது மௌமி நீரை அளந்து வைத்திருந்தமையால் அல்லவா இவ்வுண்மை வெளிப்பட்டது! அவ்வளவுகள் இல்லையேல் எந்தக் கணிப்பொறியும் இதனைச் சொல்லியிராது.

2014ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் தொடக்கத்தில் தொலிடோ நகரத்துக் குழாய்நீரில் பாசிநஞ்சு கலந்தது. ஏறத்தாழ 5 இலக்கம் மக்கள் இரண்டு மூன்று நாள் குழாய்நீரைத் தொடாதிருந்தனர். காய்ச்சினாலும் அந்நஞ்சு போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவே மிகும். அதன்பின் 2016இல், 2008ஆம் ஆண்டுச் சுமையிலிருந்து 40 விழுக்காடு குறைக்க வேண்டும் என இரு நாடுகளும் முடிவு செய்தன. பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கட்டிய போலுருக்களை ஒரே கேள்விக்கு விடைகூற ஓடவிட்டுப் பார்த்தனர். 40 விழுக்காடு குறைக்க வழியுண்டு. ஆனால் அங்குமிங்குமாகச் சிலர் திருந்தினால் போதாது. மிகுதியாக ஒழுகும் நிலங்களைத் தேர்ந்து பேரளவில் செய்தாக வேண்டும் என்பதே அவற்றின் விடை. விடை கிடைத்தும் என்ன பயன்? அமெரிக்கத் தூயநீர்ச் சட்டம் வயலிலிருந்து வழியும் மழைநீரைத் தன் பிடிக்குள் கொணராது விலக்கி வைத்தது. விரும்பியவர் செய்யலாம் என்று விட்டனர். 2025 என வகுத்த எல்லையாண்டுக்குள் இலக்கை எட்ட முடியவில்லை.

ஆக, பாடம் இரண்டு. அளவில்லாத போலுரு குருடு. ஆணையில்லாத போலுரு முடம்.

நெல்வயல் கூம்புக் குழியா?

அயலார் கருவியை அப்படியே கொணர்ந்து காவிரிப் படுகையில் வைத்தால் நேர்வது யாது?

போலுரு, மேடுபள்ளத்தைப் பார்த்து நீரின் வழியைத் தீர்மானிக்கும். தஞ்சாவூர் கடல்மட்டத்திற்கு மேல் 60 மீட்டர் உயரங்கூட இல்லை. அங்கிருந்து கடற்கரை வரை ஒரு கி.மீ.க்கு ஒரு மீட்டர் சரிவும் தேறாது. செயற்கைக்கோள் வழியே கிடைக்கும் மேடுபள்ளப் படங்களிலோ சில மீட்டர் பிழை இயல்பு. பிழை சரிவைவிடப் பெரிதாயிருக்கும்போது கணிப்பொறி வரையும் ஓடை எந்த ஓடை? மேலும், படுகையில் நீரைச் செலுத்துவது சரிவு மட்டுமன்று. முக்கொம்பும் கல்லணையும் கீழணையும் செலுத்துகின்றன. மதகும் கலிங்கும் செலுத்துகின்றன. மதகைத் திறப்பவன் கையும் செலுத்துகின்றது. ஒருவன் வயலின் வடிநீர் அடுத்தவன் வயலின் பாசனநீர். ஒரே வாய்க்கால் காலையில் பாய்கால், மாலையில் வடிகால். இந்த அமைப்பு மக்காச்சோளக் காட்டு வாய்பாட்டில் ஏது?

வரப்புக் கட்டி நீர் நிறுத்திய நெல்வயல், பெய்த மழையை வரப்பின் உயரமட்டும் தேக்கும். அதன்பின் ஒரே மூச்சாய் வழியும். வளைவெண் முறைக்கு இது தெரியாது. சுவாட்டுக் கருவியில் நெல்வயலைக் குறிக்க முற்பட்டவர், தேங்குகுழி என்னும் பகுதியைப் பயன்படுத்தினர். அக்குழியைக் கூம்பு வடிவாகவே அக்கருவி கொள்கின்றது. எந்தத் தமிழ்நாட்டு வயல் கூம்பாகக் கிடக்கின்றது? இப்பொருந்தாமையைக் கண்ட சப்பானியரும் கொரியரும் சீனரும் தம் நெல்வயலுக்கேற்ப அக்கருவியைத் திருத்திக்கொண்டனர். அவர்களும் அயலார் கருவியைத்தான் எடுத்தனர். எடுத்ததை அளந்து, அறுத்து, தைத்துத் தம் உடலுக்குப் பொருத்தினர். ஈராயிரம் ஆண்டாக நெல்லும் வாய்க்காலுமாக வாழ்ந்த இனம் மட்டும் அயலான் சட்டையைத் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

நீர் நிறைந்த நெல்வயலில் இட்ட தழையூட்டத்தில் பயிர் கொள்வது பொதுவாக 30 முதல் 40 விழுக்காடே. மிஞ்சியதில் ஒரு பங்கு காற்றோடு போகும். ஒரு பங்கு மண்ணில் நிற்கும். ஒரு பங்கு நீரோடு போகும். எப்பங்கு எவ்வளவு என்பதை நாளும் மழையுமே முடிவு செய்யும். குறுவை, வெயில் காலத்தில் தொடங்கும் பயிர். சம்பாவும் தாளடியும் இளம்பயிராய் நிற்கும்போது வடகீழ்ப் பருவமழை கொட்டும். மேலுரம் தூவிய மறுநாள் பெருமழை பெய்தால் அவ்வுரம் வடிகாலுக்கே உரம். ஓர் ஆண்டுச் சுமையின் பெரும்பங்கு சில வெள்ள நாள்களிலேயே போய்விடக்கூடும். அங்கே திங்களுக்கொருமுறை ஒரு புட்டி நீர் எடுத்து ஆய்ந்து, ஆறு நன்றாயிருக்கின்றது என்று எழுதுவது, விருந்து முடிந்த மறுநாள் பந்தியை எண்ணுவதற்கு ஒப்பாகும்.

உழவன் குற்றவாளியா?

இவ்வளவும் கேட்டவர் சிலர் வெகுண்டெழுவர். ஆலைக்காரனை விட்டுவிட்டு ஏழை உழவனைக் கூண்டிலேற்றுவதா என்பர். அவர்தம் சினம் நல்ல சினமே. ஆனால் திசை மாறிய சினம்.

உழவனைக் கூண்டிலேற்றுவது கணக்கன்று, கணக்கின்மையே. கணக்கில்லாத ஊரில் எளியவன்மீதே பழி விழும். ஒழுங்காகக் கட்டிய போலுரு, சாக்கடை எவ்வளவு, ஆலை எவ்வளவு, எல்லைக்கு அப்பாலிருந்து வந்தது எவ்வளவு என்று பங்கு பிரித்துக் காட்டும். பிலிகுண்டுலுவில் நீரின் அளவை நாள்தோறும் எடுக்கின்றனர். அந்த இடத்திலேயே, அதே நாளில், கரைந்தவற்றின் செறிவையும் எடுத்தால், கருநாடகம் அனுப்பும் சுமை வேறு, தமிழ்நாடு சேர்க்கும் சுமை வேறு எனத் தெளிவாகும். அவ்வெண் கையிலிருந்தால் மன்றத்தில் கெஞ்ச வேண்டுவதில்லை, கேட்கலாம்.

இனி, உரம் மிகுந்ததற்கு விடை கூற வேண்டியவர் யார்? 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல், இந்திய அரசு மணியூட்ட, சாம்பலூட்ட உரங்களுக்கான நல்கையை ஊட்டத்தின் அளவுக்கேற்ப வகுத்தது. யூரியாவை மட்டும் அம்முறைக்குப் புறத்தே நிறுத்தியது. மற்ற உரங்களின் விலை ஏறியது. யூரியாவின் விலை அடங்கிக் கிடந்தது. 2018இல் 45 கிலோ மூட்டைக்கு வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் நீங்கலாக 242 உருவா என வரையறுத்தனர். மலிந்த பொருள் மிகுதியாகச் செலவாகும் என்பதை அறியப் பொருளியல் பட்டம் வேண்டா. உழவன் கையில் யூரியாவைத் திணித்துவிட்டு, அவன் அதனை மிகுதியாகத் தூவினான் என்று குறை கூறுவது, பள்ளம் தோண்டியவனே விழுந்தவனைப் பழிப்பது போன்றது.

அன்றியும் உழவனுக்கு இதனால் இழப்பே. வடிகாலில் போன தழையூட்டம் அவன் காசு. இலையின் பச்சை நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேண்டியபோது வேண்டிய அளவே இடும் எளிய முறை உண்டு. உரமிட்ட சில நாள் மடையை அடைத்து நீரை வயலிலேயே நிறுத்தலாம். பருவமழை முன்னறிவிப்பைப் பார்த்து மேலுர நாளைத் தள்ளி வைக்கலாம். இவற்றுள் எது எந்த ஊரில் எவ்வளவு பயன் தரும் என்பதையும், எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்பதையும், செய்யாமுன்னே சொல்லவல்லது நல்ல போலுரு. உழவனுக்கு அது பகையன்று, துணை.

செய்ய வேண்டுவன

முதலாவது, அளவு. பிலிகுண்டுலு, மேட்டூர், பவானிக் கூடுதுறை, முசிறி, முக்கொம்பு, கல்லணை, கீழணை, வடவாற்றுத் தலைப்பு, முத்துப்பேட்டைக் கழிமுகங்கள் ஆகிய இடங்களில் தழையூட்டம், மணியூட்டம், வண்டல், பூச்சிக்கொல்லி ஆகியவற்றை இடையறாது எடுக்க வேண்டும். வெள்ள நாளில் ஒருநாளைக்குப் பலமுறை எடுக்க வேண்டும். மணியூட்டத்தில் கரைந்ததும் ஒட்டியதும் தனித்தனியே எழுதப்பெற வேண்டும். ஈரி ஏரியின் பிழை இங்கே மீண்டும் நிகழலாகாது.

இரண்டாவது, தன் நிலத்து எண்கள். உதகமண்டலத்தில் 1954 முதல் மண்காப்பு ஆய்வு நிலையம் மலைச்சரிவில் ஆய்ந்து வருகின்றது. பவானிக்கு நீர் தரும் மலைகளில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும் சரிவுகளுக்கு அவ்வெண்கள் உதவும், நெல்வயலுக்கு உதவா. படுகையிலும் கொங்குச் செம்மண்ணிலும் அவ்வாறே அளவுப் பாத்திகள் அமைத்து ஆண்டுக்கணக்கில் அளந்து, அவ்வெண்களைக் கொண்டு கருவியைத் திருத்த வேண்டும்.

மூன்றாவது, திறந்த கணக்கு. போலுருவின் ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்பது வெளிப்படையாக இருத்தல் வேண்டும். முடிவுகள் ஆங்கிலத் தடிநூலாக அலுவலகப் பேழைக்குள் உறங்காமல், ஊராட்சி தோறும் உழவர்க்கு விளங்கும் தமிழில் சென்று சேர வேண்டும். எந்த வாய்க்காலில் எவ்வளவு போகின்றது என்பதை அவ்வாய்க்கால் ஓரத்தில் வாழ்பவன் அறியக்கூடாதெனில், அக்கணக்கு யாருக்காக?

நான்காவது, ஆணை. 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு காவிரிப் படுகையைக் காக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் செய்தது. எண்ணெய்க் கிணற்றுக்கும் எரிவளிக் கிணற்றுக்கும் அது தடை விதித்தது, நன்று. அச்சட்டம் நிலத்தைக் காத்தது. அந்நிலத்தின் நீரையும் காக்க வேண்டும். கடைவாயில் இவ்வளவு சுமைக்கு மேல் போகலாகாது என எல்லை வகுத்து, அவ்வெல்லையை எட்ட உழவர்க்குப் பொருளுதவியும், உர நல்கையில் திருத்தமும், ஊர்ச் சாக்கடைக்குத் தூய்மை நிலையமும் சட்டத்தின் வழியே வர வேண்டும்.

கரிகாலன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கல்லணையைக் காட்டிப் பெருமை பேசாத தமிழரில்லை. அவ்வணையைக் கட்டியவர்கள் காவிரி மணலில் கல் எவ்வாறு இறங்கும், நீர் எவ்வாறு திரும்பும் என்பதை அவ்வாற்றிலேயே கண்டறிந்து கட்டினர். வேறோர் ஆற்றின் கணக்கைக் கடன் வாங்கிக் கட்டவில்லை. ஆகவேதான் அது நிற்கின்றது. அவர்தம் வழிவந்தோர் காவிரியின் அளவைக் கேட்டு மன்றம் ஏறினர். இனி அதன் தூய்மையைக் கேட்டும் ஏற வேண்டும். அன்று கையில் இருக்க வேண்டியது கண்ணீரன்று. சொந்த நிலத்தில் அளந்த கணக்கு. அளப்பதற்கு இன்னொரு பருவமழை கடந்துபோகும்வரை காத்திருத்தல் வேண்டா!